கிழிக்கச் சொன்ன பக்கங்கள்

மறைந்துபோன கம்யூனிச அரசுகள் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளிய பிரசாரக் காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள் சிலர். அவர்கள் காப்பாற்றுவது எதை?

1991 மே மாதம். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி ஓராண்டுகூட ஆகவில்லை. கிழக்கே லைப்ஸிக் நகரத்துப் பக்கம் ஒரு குப்பைமேட்டில் புத்தகங்கள் மலையாகக் குவிந்து கிடக்கும் படம் ஒரு நாளிதழில் வெளியானது. எதுவும் யாரும் படித்துக் கிழிந்த புத்தகமல்ல. கட்டுப் பிரிக்காத, மை வாசம் போகாத புதுப் பிரதிகள். கிழக்கு ஜெர்மனியின் புத்தகக் கிடங்குகளைப் புதிய சந்தைக்காகக் காலி செய்தவர்கள், விற்காது என்று தோன்றியதையெல்லாம் லாரியில் ஏற்றிக் கொட்டிவிட்டார்கள். மேற்கே காட்லென்பர்க் என்ற சிற்றூரின் தேவாலயப் போதகர் மார்ட்டின் வெஸ்காட் அந்தப் படத்தைப் பார்த்தார். சபையாரைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனார். மழையில் நனைந்துகொண்டிருந்த புத்தகங்களை வாரி வந்து தேவாலயத்தை ஒட்டிய பழைய களஞ்சியத்தில் அடுக்கினார். ஒரு தடவையோடு அவர் நிறுத்தவில்லை. வருடக்கணக்கில் போய் வந்து லட்சக்கணக்கான புத்தகங்களை மீட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் களஞ்சியத்தைத் திறந்துவைப்பார். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு, பசித்த நாடுகளுக்கு உதவும் நிதிக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகலாம்.

அந்தக் குவியலில் நல்ல நாவல்கள் இருந்தன, கவிதைகள் இருந்தன, கட்சித் தலைவர்களின் உரைத் தொகுப்புகளும் இருந்தன. எது இலக்கியம், எது பிரசாரம் என்று பிரிக்க லாரி ஓட்டுநருக்கு நேரமில்லை. வெஸ்காட்டும் பிரிக்கவில்லை. இந்தத் துறையில் அவரை மிகப் பெரிய மனிதராக நான் மதிப்பது அதனால்தான்.

சேகரிப்பாளர்களில் பலர் அழகைத் தேடிப் போகிறவர்கள். அதில் தவறில்லை. சோவியத் சுவரொட்டிகளில் கண்ணைப் பிடித்து நிறுத்துபவை ஏராளம். ஆனால் அழகானதை மட்டும் பொறுக்கி, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டும்போது, அந்தக் காகிதம் பிறந்த ஊரும் அதைப் பார்த்து நின்ற மக்களும் அதிலிருந்து உதிர்ந்துவிடுகிறார்கள். இந்தக் காகிதங்களைக் காப்பாற்ற வலுவான காரணம் வேறொன்று. அவற்றை அச்சடித்த அரசே பிற்பாடு அவற்றில் பலவற்றை அழிக்க முயன்றது.

காலிக் கடைகளின் கண்ணாடியில்

கதை காகிதப் பஞ்சத்தில் தொடங்குகிறது. 1919 இலையுதிர் காலம். உள்நாட்டுப் போரில் மாஸ்கோவில் கடைகள் காலி. காட்சிப் பெட்டிகளில் வைக்க ஒரு பொருள்கூட இல்லை. ரோஸ்டா என்ற ரஷ்யத் தந்திச் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்த ஓவியர் மிகயில் செரெம்நிக், அந்த வெற்றுக் கண்ணாடிகளில் பெரிய படங்களை ஒட்டலாம் என்று தொடங்கினார். கவிஞர் மயகோவ்ஸ்கி வந்து சேர்ந்தார். வரைந்தார், படங்களுக்கான வரிகளில் பெரும்பாலானவற்றை அவரே எழுதினார். தந்தியில் செய்தி வந்த சூட்டோடு படக்கதை தயாராகும். அச்சகங்கள் முடங்கிக் கிடந்ததால் அட்டையில் துளை வெட்டி, அதன்மேல் வண்ணம் பூசிப் பிரதி எடுத்தார்கள். எழுத்தறியாதவர்கள் நிறைந்த நாட்டில், போர்முனைச் செய்தி முதல் காலரா எச்சரிக்கை வரை படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இவைதான் ‘ரோஸ்டா ஜன்னல்கள்’. அடுத்த படம் வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டார்கள். யாரும் எடுத்துவைக்க நினைக்காததால் இன்று எஞ்சியிருப்பவை அரிய பொருளாகிவிட்டன.

அதே தலைமுறையைச் சேர்ந்தவர் திமித்ரி மூர். பார்க்கிறவரை நோக்கி விரல் நீட்டி, ‘நீ படையில் சேர்ந்துவிட்டாயா?’ என்று செம்படை வீரன் கேட்கும் 1920-ஆம் ஆண்டுச் சுவரொட்டி அவருடையது. உலகம் முழுக்கத் தெரிந்த படம் அதுதான். எனக்கோ அடுத்த ஆண்டு அவர் வரைந்த படம்தான் பெரிது. வோல்கா கரைப் பஞ்சத்துக்காக வரைந்தது. முழுக் கறுப்புப் பின்னணி. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். பின்னால் ஒடிந்த கதிர். கீழே ‘உதவு’ என்று ஒரே சொல். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் மடிந்தார்கள். அன்றைய அரசு தன் நாட்டின் பசியைத் தன் சுவரிலேயே ஒட்டியது. பத்தாண்டு கழித்து, 1932-33-இல், உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் அதைவிடக் கொடிய பஞ்சம் வந்தது. இம்முறை உதவி கேட்டுச் சுவரொட்டி கிடையாது. பஞ்சம் என்ற சொல்லே அச்சேறவில்லை. அந்த வருடத்துச் சுவர்களில் கூட்டுப்பண்ணைகள் தானியம் கொழித்துச் சிரித்தன. 1921 சுவரொட்டியையும் 1933 சுவரொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் ஓர் அரசு எப்படி மாறிப்போனது என்பதை அந்த இரண்டு தாள்களைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1931 மார்ச்சில் கட்சி மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டு, சுவரொட்டித் தயாரிப்பு முழுவதையும் ஒரே அரசுப் பதிப்பகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதுவரை ஆளுக்கொரு பாணியில் வரைந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே வரிசையில் நின்றது.

அடியில் இருக்கும் பொடி எழுத்து

நல்ல சேகரிப்பாளர் சுவரொட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, கீழ் ஓரத்தை. சோவியத் அச்சுப் பொருட்களில் அந்த இடத்தில் பொடி எழுத்தில் ஒரு முழு ஜாதகமே இருக்கும்: வரைந்தவர், பதிப்பாசிரியர், அச்சகம், ஊர், அச்சுக்குக் கையெழுத்தான தேதி, எத்தனை பிரதி, என்ன விலை. கூடவே ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறி ஒன்று. அது 1922-இல் அமைந்த ‘கிளாவ்லித்’ என்ற தணிக்கைத் துறையின் அனுமதி எண். எந்த அதிகாரி எந்தத் தாளை எப்போது விட்டார் என்பதைத் தேடிப் பிடிக்க உதவும் குறி அது. பொய்யை அச்சடித்தவர்களே அந்தப் பொய்யின் தேதியையும் பொறுப்பாளரையும் ஒழுங்காகக் குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சட்டத்துக்குள் அழகாகப் பொருந்தவேண்டும் என்று ஓரத்தை வெட்டிய சுவரொட்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கொதிக்கும்.

போலிகளும் உண்டு. 1920-களின் சுவரொட்டிகள் பெரும்பாலும் கல்லச்சில் போட்டவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வண்ணம் மெழுகுக் கட்டியால் தேய்த்ததுபோல் ஒழுங்கற்றுத் தெரியும். ஒரே அளவில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னால் எடுத்த ஆஃப்செட் நகல். புற ஊதா விளக்கு இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. ‘1920 சுவரொட்டி’ விளக்கின் கீழ் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். அசல் காகிதமோ மலிவான மரக்கூழ். அமிலம் அதை உள்ளிருந்தே தின்கிறது. மடித்த இடத்தில் முறியும், வெயில் பட்டால் பழுக்கும். எல்லோரும் கைவிட்டால் இந்தக் காகிதம் தானாகவே பொடியாகிவிடும்.

ஒரு சில நேரம் காகிதத்தை மறதியே காப்பாற்றியிருக்கிறது. 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் படை சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில், ஜூன் 27-இல், மாஸ்கோவில், தாஸ் என்ற சோவியத் செய்தி நிறுவனத்தின் முதல் ‘தாஸ் ஜன்னல்’ தொங்கியது. ரோஸ்டா முறையின் மறுபிறவி. ஆனால் கைவண்ணம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. சில படங்களுக்கு அறுபது எழுபது துளைத் தகடுகள்வரை வெட்டி, வண்ணத்தின்மேல் வண்ணமாக ஏற்றினார்கள். நட்பு நாடுகளுக்கும் கட்டுக் கட்டாக அனுப்பினார்கள். அப்படிச் சிகாகோ கலைக் கழகத்துக்குப் போன கட்டுகள் பனிப்போர் தொடங்கியதும் அலமாரியின் அடியில் மறைந்துவிட்டன. 1997-இல் கிடங்கை ஒழுங்குபடுத்தும்போது பழுப்புக் காகிதம் சுற்றிய 26 பொட்டலங்கள் வெளிப்பட்டன. சீராக்க வருடக்கணக்கில் பிடித்தது. 2011-இல்தான் காட்சிக்கு வைத்தார்கள்.

லண்டனிலிருந்து போனவர்

இந்தத் துறைக்கே ஒரு திசையைக் காட்டியவர் டேவிட் கிங். லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ வார இதழின் கலை ஆசிரியர். 1970-இல் மாஸ்கோ போய் ட்ரொட்ஸ்கியின் படங்களைக் கேட்டார். இல்லை என்றார்கள். செம்படையைக் கட்டி எழுப்பியவரின் ஒரு படம்கூடத் தலைநகரின் ஆவணக் காப்பகத்தில் இல்லையாம். அந்தப் பதில் அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. புத்தகம், சுவரொட்டி, அஞ்சலட்டை, இதழ், புகைப்படம் என்று பழைய கடைகளிலும் குடும்பங்களின் பெட்டிகளிலும் தேடினார். சேர்ந்தது இரண்டரை லட்சத்துக்கு மேல்.

அவர் தேடியது தலைசிறந்த படைப்புகளை அல்ல. ஒரே புகைப்படம் வெவ்வேறு ஆண்டுகளில் எப்படி அச்சானது என்பதைத் தேடினார். 1920 மே 5-ஆம் தேதி மாஸ்கோவில் மரமேடையில் நின்று லெனின் பேசுகிறார்; படிக்கட்டில் ட்ரொட்ஸ்கியும் காமெனெவும் நிற்கிறார்கள். பிற்காலப் பதிப்பில் படிக்கட்டு மட்டும் இருக்கிறது. கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடந்துவரும் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டபின் தண்ணீராகிவிடுகிறார். இப்படிப் பதிப்புக்குப் பதிப்பு ஆட்கள் மறைவதை அடுத்தடுத்து அடுக்கி 1997-இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘தி கமிஸ்ஸார் வேனிஷஸ்’. கிங் 2016-இல் மறைந்தார். அதே ஆண்டு அவர் சேகரிப்பு முழுவதும் லண்டனின் டேட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நூலில் என்னை உலுக்கிய பக்கங்கள் அரசு திருத்திய படங்கள் அல்ல, ஒரு கலைஞன் தானே திருத்தியவை. உஸ்பெக் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்காக 1934-இல் அலெக்சாந்தர் ரொத்சென்கோ ஒரு ஆடம்பரப் படநூலை வடிவமைத்தார். மூன்று ஆண்டில், அதில் இடம்பெற்ற உஸ்பெக் தலைவர்கள் ‘மக்கள் விரோதிகள்’ ஆனார்கள். அவர்கள் படம் வீட்டில் இருப்பதே குற்றம். ரொத்சென்கோ தன் சொந்தப் பிரதியைத் திறந்து, தான் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கங்களில் அந்த முகங்களின்மேல் மை ஊற்றிக் கறுப்பாக்கினார். கிங் 1980-களில் ரொத்சென்கோவின் மாஸ்கோ வீட்டில் அந்தப் பிரதியைக் கண்டார். சோவியத் ஒன்றியம் எங்கும் வீடுகளில், நூலகங்களில், பள்ளிக்கூடங்களில் கத்தரியும் மையும் இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தன.

1953-இல், ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா வீழ்ந்தபின் ‘மாபெரும் சோவியத் கலைக்களஞ்சிய’த்தின் சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. 5-ஆம் தொகுதியில் 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களைக் கத்தரி அல்லது சவரக்கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, கூட அனுப்பியிருக்கும் பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றது கடிதம். பெரியாவைப் புகழ்ந்த கட்டுரை போய், பெரிங் கடலைப் பற்றிய நீண்ட விளக்கம் வந்தது. வெளிநாட்டு நூலகங்கள் சில எதையும் வெட்டாமல், வந்த தாள்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டன. அந்தப் பிரதிகளைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள்.

தன்னைத்தானே விழுங்கிய புத்தகம்

வெண்கடலையும் பால்டிக்கையும் இணைக்கும் 227 கிலோமீட்டர் கால்வாயை 1931 முதல் 1933 வரை, இருபது மாதத்தில், கைதிகளைக் கொண்டு தோண்டினார்கள். இயந்திரம் அரிது, மண்வெட்டியும் தள்ளுவண்டியும் உடம்பும்தான். அரசுக் கணக்குப்படியே இறந்தவர்கள் 12,000-க்கு மேல். 1933 ஆகஸ்டில் 120 எழுத்தாளர்களைக் கப்பலில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்கள். மக்ஸிம் கார்க்கி, அவெர்பாஹ், முகாம் அதிகாரி ஃபிரின் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு, 36 பேர் எழுதிய தடித்த நூல் 1934 தொடக்கத்தில் கட்சியின் 17-ஆவது மாநாட்டுக்குக் காணிக்கையாக வந்தது. குற்றவாளிகள் உழைப்பால் புதுமனிதர்கள் ஆனார்கள் என்பது அதன் சாரம். ‘சோவியத் ஒன்றியக் கட்டுமானம்’ என்ற புகழ்பெற்ற படஇதழும் 1933 டிசம்பர் இதழை இந்தக் கால்வாய்க்கே ஒதுக்கியது. படமெடுத்து வடிவமைத்தவர் அதே ரொத்சென்கோ. பக்கத்துக்குப் பக்கம் அற்புதமான அமைப்பு; அதைப் பார்த்து வியக்கிற அதே கணத்தில் வயிறு கலங்குகிறது. இரண்டையும் சேர்த்தே தாங்கிக்கொள்ளத் தெரியாதவர் இந்தச் சேகரிப்புக்குள் வராமல் இருப்பது நல்லது.

பிறகு என்ன ஆயிற்று? ஃபிரினும் அவெர்பாஹும் 1937-இல் சுடப்பட்டார்கள். பதிப்பாசிரியர்களே விரோதிகள் ஆனதால் புத்தகத்தைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். யார் முன் அது காணிக்கையாக வைக்கப்பட்டதோ அந்த மாநாட்டின் 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைதானார்கள் என்று 1956-இல் கட்சித் தலைவர் குருஷேவே சொன்னார். இன்று அந்த நூலின் பிரதி ஒன்று கிடைத்தால் அதைப் புகழ்ந்தவர்கள், எழுதியவர்கள், தடை செய்தவர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள்.

கலைஞர்களையும் விடவில்லை. ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிச் சுவரொட்டி செய்வதில் முன்னோடி குஸ்தாவ் க்ளுத்ஸிஸ், லாத்வியாவில் பிறந்தவர். ஐந்தாண்டுத் திட்டச் சுவரொட்டி ஒன்றில் விரிந்து உயர்ந்த ஒரு கை உண்டு. அது அவரே படமெடுத்த அவருடைய கை. 1938 ஜனவரியில் கைதாகி, பிப்ரவரி 26-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி வலென்தினா குலாகினாவும் சுவரொட்டிக் கலைஞர்தான். கணவர் 1944-இல் மாரடைப்பால் இறந்ததாக அவருக்குச் சொன்னார்கள். 1989-இல்தான் உண்மை வெளியே வந்தது. அப்போது குலாகினா உயிரோடு இல்லை. அவர் பத்திரப்படுத்திய கணவரின் படைப்புகள் இன்று ரீகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சமையலறைக்குள் நுழைந்த கட்சி

பிரசாரம் என்றால் சுத்தியலும் அரிவாளும் பிடித்த கை மட்டுமல்ல. 1939-இல் முதல் பதிப்பு கண்ட ‘சுவையும் நலமும் தரும் உணவு நூல்’ எத்தனையோ சோவியத் வீடுகளில் இருந்தது. கல்யாணப் பரிசாகக் கொடுப்பார்கள். பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள்: மீன் முட்டை, ஷாம்பேன், பளபளக்கும் பழத்தட்டு. வெளியே கடையில் வெண்ணெய்க்கு வரிசை. ஸ்டாலின் காலத்துப் பதிப்பில் அவர் மேற்கோள்கள் இருந்தன, பின்னர் வந்தவற்றில் இல்லை. சமையல் குறிப்பு அப்படியே இருக்க, தலைவர் மட்டும் காணாமல் போனார். இந்த நூலின் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை ஒருவர் சேர்த்துவைத்தால், அதைப் பெரிய ஆய்வுக்கான மூலப்பொருளாகவே மதிப்பேன். அதிலும் எண்ணெய்க் கறையும் ஓரத்தில் பென்சில் குறிப்பும் உள்ள பிரதி என்றால் இன்னும் விசேஷம். வாங்கியவர் எதை நம்பினார், எதைத் தாண்டிப் போனார், கிடைக்காத பொருளுக்குப் பதில் எதைப் போட்டுச் சமைத்தார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். லாத்வியாவில் 1949 மார்ச்சில் மட்டும் சுமார் 42,000 பேரைக் கால்நடைப் பெட்டிகளில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் பேத்திக்குச் சுத்தியலும் அரிவாளும் கொண்ட சின்னம் என்னவாகத் தெரியும்? லிதுவேனியா 2008-இல் சோவியத், நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டத் தடை விதித்தது. உக்ரைனும் 2015-இல் அதேபோன்ற சட்டம் போட்டது. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். அதே சமயம் அருங்காட்சியகத்துக்கும் ஆய்வுக்கும் இடம் விடுவதுதான் சரி என்றும் நினைக்கிறேன். சட்டையில் பொறித்து விற்பது வேறு, தேதியோடும் ஊரோடும் பெட்டியில் காப்பது வேறு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஜஸ்டினியன் ஜாம்பொல் 2002-இல் தொடங்கிய வெண்டே அருங்காட்சியகம் இரண்டாவது வேலையைச் செய்கிறது. கிழக்கு ஜெர்மனியின் கொடி முதல் உணவக விலைப்பட்டியல் வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் அங்கே.

எதிர்த்தரப்புக் காகிதத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. செக் நாட்டின் யிர்ஷி க்ருன்தொராத், தடைசெய்யப்பட்ட நூல்களைத் தட்டச்சு செய்து பரப்பியதற்காக நான்கு ஆண்டு சிறையில் இருந்தவர். ஆட்சி விழுந்ததும் 1990-இல் பிராகில் ‘லிப்ரி ப்ரோஹிபிட்டி’ என்ற நூலகத்தைத் திறந்தார். கார்பன் தாள் வைத்து ஒரே அடியில் பல பிரதி எடுத்த, கடைசிப் பிரதியில் எழுத்து மங்கித் தெரியும் அந்தத் தாள்களை ஓர் அரசுச் சுவரொட்டியின் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்றில் பல்லாயிரம் பிரதி என்று அச்சிட்டிருக்கும். மற்றதில் பெயர்கூட இருக்காது. போலந்து இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கு. 1989 ஜூன் 4 தேர்தலுக்காக தொமாஷ் சார்னெத்ஸ்கி செய்த சுவரொட்டியில், கௌபாய் படத்து கேரி கூப்பர் கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டோடு நடந்து வருகிறார். சட்டையில் எதிர்க்கட்சியாக நின்ற சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் சின்னம். பல்லாண்டாகச் சுவரை ஆண்டவர்களை அவர்களுடைய கலையாலேயே வென்றார்கள்.

நம் வீட்டு அலமாரியில்

இந்தக் காகிதக் கடலின் ஓர் அலை நம் கரைக்கும் வந்தது. மாஸ்கோவின் அயல்மொழிப் பதிப்பகமும், பின்னர் முன்னேற்றப் பதிப்பகம், மீர், ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பின. நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. கெட்டி அட்டை, நூல் தையல், கைக்கு எட்டும் விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களின் மொழிபெயர்ப்பில் தல்ஸ்தோயும் தஸ்தயேவ்ஸ்கியும் அய்த்மாத்தவும் படித்துத்தான் ஒரு தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்கள் வளர்ந்தார்கள். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். போரிஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’யைப் படித்து அழாதவர் யார்? இரண்டு கால்களையும் இழந்தும் மீண்டும் போர் விமானம் ஓட்டிய வீரனின் கதை. அந்த வீரர் நிஜம், அரசு அதைத் தன் புகழுக்குப் பயன்படுத்தியதும் நிஜம். நாம் சிந்திய கண்ணீரும் பொய்யில்லை.

1991-க்குப் பிறகு அந்த வரத்து நின்றது. பல வீடுகளில் அந்தப் புத்தகங்கள் எடைக்குப் போய்விட்டன. நாவல்களையாவது தேடுகிறார்கள், கட்சி மாநாட்டு உரைகளையும் சிறு பிரசுரங்களையும் யாரும் சீண்டுவதில்லை. நம்மிடம் அழிந்துகொண்டிருப்பவை அவைதான். உங்கள் தாத்தாவின் பெட்டியில் ஏதாவது இருந்தால் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். ரஷ்ய எழுத்தில் மொழிபெயர்ப்பாளர், அச்சுக்குப் போன தேதி, பிரதி எண்ணிக்கை. சிலவற்றில் வாசகர் கருத்து எழுதவேண்டிய முகவரி: 17, ஸுபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ. உள்பக்கத்தில் கட்சிக் கிளை நூலகத்தின் முத்திரையோ, பரிசாகக் கொடுத்தவரின் கையெழுத்தோ இருக்கும். அதை அழிக்க வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம். யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த வருடம் என்று தெரிந்ததைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற ஓரிடத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பர்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.